தனியாகப் பறக்கப் போக முன்

(எமது சங்கத்தின் குளிர்கால ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காகச் சில இடங்களை மட்டும் திருத்தி எழுதியிருக்கிறேன்.)



இந்த மேடையில் வழமையாகப் பேசுகிறவர்கள் படித்துப் பட்டம் பெற்றவர்கள். நான் ஏ.எல். வரைக்கும் படித்தவன், கணிதப் பிரிவு. பதின்மூன்று வருடமாக ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் வார்க்கும் மெசினில் நிற்கிறேன். அதைப் பற்றிப் பேசச் சொல்லி ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. "நீர் பிளேன் ஓட்டப் பழகிறீராம், சனம் ஒவ்வொரு மாதிரிக் கதைக்குது, வந்து நீரே சொல்லும்" என்று செயலாளர் அண்ணை கேட்டதால் வந்து நிற்கிறேன். சனம் கதைப்பது எனக்கும் தெரியும். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று ஒரு கதை. லொத்தர் விழுந்துவிட்டது என்று இன்னொரு கதை. இரண்டாவது உண்மையாக இருந்திருந்தால் எவ்வளவு நல்லது! ஒரு மணித்தியாலம் பறப்பதற்கு எனக்கு ஏறக்குறைய இரண்டு நாள் சம்பளம் போகிறது. அதனால்தான் மற்றவர்கள் ஒரு வருடத்தில் முடிப்பதை நான் மூன்று வருடமாக இழுத்துக்கொண்டு வருகிறேன்.

நான் இன்னும் விமானி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன மாதம் ஒரு கலியாண வீட்டில் என்னைப் "பைலட்" என்று அறிமுகப்படுத்தினார்கள். மாணவ விமானி அனுமதி என்று ஒன்று இருக்கிறது, அதுதான் என்னிடம் உள்ளது. 14 வயது நிறைந்தவர்கள் அதை எடுக்கலாம். அதற்கு மருத்துவச் சோதனை தேவை. விமானச் சட்டதிட்டங்களில் 50 கேள்விகள் கொண்ட ஒரு பரீட்சையும் உண்டு, அதில் 90 வீதம் எடுக்கவேண்டும். 45 சரி வந்தால்தான் பாஸ். ஏ.எல்.லில்கூட எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை. அந்த அனுமதியோடு பகலில் மட்டும், கனடாவுக்குள் மட்டும், பயிற்றுநரின் மேற்பார்வையில் பறக்கலாம். ஒருவரையும் ஏற்றக்கூடாது. ஆகவே "எங்களையும் ஒருக்கா ஏத்திக்கொண்டு போவீரோ" என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ. முழுமையான தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது நிறையவேண்டும், குறைந்தது 45 மணித்தியாலம் பறந்திருக்கவேண்டும். அதில் 12 மணித்தியாலம் தனியாக.

அந்தத் தனியாக என்ற சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் நான் மார்க்கத்திலுள்ள பட்டன்வில் விமான நிலையத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். 404 நெடுஞ்சாலையால் போகும்போது தலைக்கு மேலால் சின்ன விமானங்கள் தணிந்து இறங்குவதை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். 2023 கார்த்திகையோடு அதை மூடிவிட்டார்கள். பிறகு ஒஷாவாவுக்கு மாறினேன். அங்கே போன ஐப்பசியில் ஒரு நாள், நாலாவது தரம் இறங்கி ஓடுபாதையை விட்டு வெளியே வந்ததும், என் பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கி, "நீங்கள் ஒருக்கா சுத்திப்போட்டு வாங்கோ" என்றா. அவ என்னிலும் பன்னிரண்டு வயது இளைய பிள்ளை. போனேன், சுற்றினேன், இறங்கினேன். ஏழெட்டு நிமிடம் இருக்கும். ஒரு ஆள் குறைந்தவுடன் அந்தச் செஸ்னா 172 எவ்வளவு கெதியாக ஏறுகிறது என்பதுதான் எனக்கு முதலில் பட்டது. வலது பக்கத்து வெறும் ஆசனம் அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. அது விமான நிலையத்தைச் சுற்றி ஆயிரம் அடி உயரத்தில் ஒரு நீள்சதுரம். இடது பக்கம் திரும்பிப் பார்த்தால் ஓடுபாதை தெரியும். கோபுரத்தில் இருப்பவர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முற்றத்தில் சைக்கிள் பழகிற மாதிரி; விழுந்தாலும் அம்மா குசினிக்குள் இருந்து ஓடி வருவா. அடுத்த படி பயிற்சி வலயம். விமான நிலையத்தை விட்டு வெளியே போய், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு மணித்தியாலம் தனியே நின்று பயிற்சிகளைச் செய்துபோட்டு, தானாக வழி கண்டுபிடித்துத் திரும்பி வரவேண்டும். அதற்குத்தான் நான் இப்போது ஆயத்தப்படுத்திக்கொண்டிருக்கிறேன். பனி விலகட்டும் என்று காத்திருக்கிறேன்.

எங்கள் பள்ளி என்னை அனுப்பப்போகும் வலயம் வடக்கே ஸ்கூகொக் ஏரிப் பக்கம். அங்கே என்ன செய்வது? 45 பாகை சரித்துச் செங்குத்தாகத் திரும்புவது, மிக மெதுவாகப் பறப்பது, பிறகு ஸ்ரோல். ஸ்ரோல் என்றவுடன் கார் ஓட்டுகிறவர்கள் எஞ்சின் நிற்பது என்று நினைப்பார்கள். எஞ்சின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். மூக்கை அளவுக்கு மேல் நிமிர்த்தி வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் செட்டையின் மேலாக ஓடும் காற்றுக் குழம்பிப்போய், செட்டை விமானத்தைத் தாங்க மறுத்துவிடும். விமானம் ஒருதரம் உதறிவிட்டு மூக்குக் குத்தும். அப்போது மனித இயல்பு என்ன? பயந்து இன்னும் பின்னால் இழுப்பது. செய்யவேண்டியது அதற்கு நேர்மாறு. முன்னே தள்ளி, மூக்கைத் தாழவிட்டு, வேகத்தை எடுத்து, பிறகு நிமிர்த்துவது. விழுகிற சாமானை இன்னும் விழவிடச் சொல்கிறார்கள்! அதைக் கைக்குப் பழக்குவதற்குத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறோம். நிலத்திலிருந்து 2000 அடிக்கு மேலேயே மீண்டு முடித்திருக்கவேண்டும் என்பது விதி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உயரமானி காட்டுவது கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரம். ஒஷாவா ஓடுபாதையே ஏறக்குறைய 460 அடியில் கிடக்கிறது. வடக்கே போகப் போக நிலம் இன்னும் சில நூறு அடி உயரும். முள் 3000 காட்டினால் காலுக்குக் கீழே 3000 அடி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

எஞ்சின் உண்மையாகவே நின்றால்? எல்லாரும் கேட்கிற கேள்வி. கல் மாதிரி விழும் என்று நினைக்கவேண்டாம். எங்கள் செஸ்னாவை 65 நொட் வேகத்தில் வைத்திருந்தால் அது சறுக்கிக்கொண்டு போகும். நிலத்திலிருந்து 3000 அடியில் இருந்தால், காற்றில்லாத நாளில் எட்டுக் கிலோமீற்றர் அளவு போகலாம். நேரம் என்று பார்த்தால் நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்துக்குள் ஒரு தோட்டத்தைத் தெரிந்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, எஞ்சினைத் திருப்பி எழுப்பிப் பார்த்து, முடியாவிட்டால் 121.5 இல் உதவி கேட்டு, இறங்கவேண்டும். அதனால் எஞ்சின் நிற்க முன்னமே தோட்டத்தைப் பார்த்து வைத்திருக்கவேண்டும். இப்போது நான் காரில் போகும்போதும் வயல்களைத்தான் பார்க்கிறேன். வயர் போகிறதா, வாய்க்கால் இருக்கிறதா, எந்தப் பக்கம் சாய்வு என்று. பக்கத்தில் இருக்கும் மனைவி, "இஞ்சருங்கோ, றோட்டைப் பாருங்கோ" என்பா.

நான் படித்த ஏ.எல். எனக்கு உதவிய ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன். காவிக் கூட்டல் நினைவிருக்கிறதா? ரியூட்டரியில் வெயிலுக்குள் இருந்து அம்புக்குறி கீறிக் கீறி, இது எதற்கு உதவப்போகிறது என்று சபித்த அதே காவிகள்தான். மேற்கிலிருந்து 20 நொட் காற்று அடிக்கிறது என்று வையுங்கள். நான் பயிற்சி வலயத்தில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றித் திரும்பிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். ஆனால் அரை மணித்தியாலத்தில் அந்தக் காற்று என்னை 10 கடல்மைல், அதாவது 18 கிலோமீற்றருக்கு மேல் கிழக்கே கொண்டுபோய் விட்டிருக்கும். விமானத்துக்குள் ஒன்றுமே தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் தெரிந்த ஏரி இருக்காது. அதேபோல, எவ்வளவு பாரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பது நாங்கள் பௌதிகத்தில் படித்த திருப்பம்தான். அந்தப் பிள்ளைக்கு நான் அதைக் கணக்காகச் செய்து காட்ட, "எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டா. யாழ்ப்பாணத்தில், பாதை பூட்டிக் கிடந்த 2007ஆம் ஆண்டில், மெழுகுதிரி வெளிச்சத்தில் என்று எப்படிச் சொல்வது? ஊரில் என்றேன்.

வழி தவறினால் என்ன செய்வது என்பதற்கு ஒஷாவாவில் ஒரு நல்ல விடை இருக்கிறது. தெற்கே திரும்பவேண்டும். எங்கே நின்று தெற்கே போனாலும் ஒன்ராறியோ ஏரி வரும், அதைத் தவறவிட ஏலாது. கரையைக் கண்டதும், டார்லிங்ரன் அணுமின் நிலையத்தைக் கண்டால் ஒஷாவா மேற்கே இருக்கிறது. பிக்கரிங் அணுமின் நிலையத்தைக் கண்டால் கிழக்கே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கள் வீடு. இதை வரைபடத்தில் பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் சொல்லும் அளவுக்கு வைத்திருக்கிறேன். போர்ட் பெரி ஊர் ஏரியின் மேற்குக் கரையில், 401 நெடுஞ்சாலை எந்தப் பக்கம், புகையிரதப் பாதை எந்தப் பக்கம்... இரவு வேலையில் இடைவேளைக்கு நான் வரைபடத்தை விரிப்பதைப் பார்த்துவிட்டு, கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர், காணி வாங்கப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தார்.

தொழிற்சாலை வேலையால் எனக்கு ஒரு நன்மை உண்டு. எங்கள் மெசினுக்குள் கை வைக்க முன் மின்சாரத்தை நிறுத்தி, சொந்தப் பூட்டைப் போட்டு, திறப்பைச் சட்டைப்பைக்குள் வைக்கவேண்டும். இருபதாவது வருடம் வேலை செய்கிறவரும் அதைத்தான் செய்யவேண்டும், "எனக்குத் தெரியும்" என்ற கதைக்கு அங்கே இடமில்லை. விமானத்தைச் சுற்றிப் பார்க்கும் சோதனையும் அப்படித்தான். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக. எரிபொருளைச் சின்னக் குவளையில் வடித்துப் பார்ப்போம். நாங்கள் பாவிக்கும் விமானப் பெற்றோல் நீல நிறம், தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தனியாக நிற்கும். எண்ணெய், ரயர், செட்டையின் விளிம்பு, ஆணிகள். ஓடுபாதைக்குப் போக முன் எஞ்சினை 1700 சுற்றுக்கு உயர்த்தி, இரண்டு மக்னீற்றோக்களையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்கவேண்டும். 125 சுற்றுக்கு மேல் குறைந்தால் அன்றைக்குப் பறப்பு இல்லை. பதின்மூன்று வருடம் மெசின் சத்தம் கேட்ட காது எனக்கு. அந்த எஞ்சின் இருமினால் முள் காட்ட முன்னமே எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஆனாலும் முள்ளைத்தான் பார்க்கிறேன்.

வானொலியில் கதைப்பதற்கு நான் பயந்தது போல எதற்கும் பயப்படவில்லை. எங்கட இங்கிலீசு உங்களுக்குத் தெரியும்தானே. திரும்பி வரும்போது கட்டுப்பாட்டு வலயத்துக்குள் நுழைய முன் கோபுரத்தைக் கூப்பிட்டு, நான் யார், எங்கே நிற்கிறேன், எவ்வளவு உயரம், என்ன செய்ய விரும்புகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லவேண்டும். அவர்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லவேண்டும். இதில் ஒரு வேடிக்கை. நான் வந்த புதிதில் மொழி வகுப்பு ரீச்சர், மூன்று என்ற இலக்கத்தை "த்ரீ" என்று சொல்ல, நாக்கைப் பல்லுக்கிடையில் வை வை என்று என்னைப் படாத பாடு படுத்தினா. விமான வானொலியில் அதை "ட்ரீ" என்றுதான் சொல்லவேண்டும் என்று உலகம் முழுக்க விதி! இரைச்சலுக்குள் விளங்கவேண்டுமாம். ஒன்பதுக்கு "நைனர்". எங்கட ஆக்களுக்காகவே வைத்த விதி போல இருக்கிறது.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மா முன்வரிசையில்தான் இருக்கிறா. சொல்லலாம் என்று உத்தரவு தந்திருக்கிறா.

என் வயதுக்காரர் பலருக்கு, விமானம் என்றால் முதலில் காது. 1995இல் வலிகாமத்தில் இருந்து வெளிக்கிட்டு, அடுத்த வருடம் வன்னிக்குப் போனோம். எனக்கு ஏழு வயது. எட்டு வயதுக்குள், எது ஹெலி, எது அவ்ரோ, எது கிபிர், எது சனம் வண்டு என்று பேர் வைத்த உளவு விமானம் என்று சத்தத்தை வைத்துச் சொல்லுவேன். கிபிரின் சத்தம் கேட்டு ஓடுவதற்குள் அது தலைக்கு மேலே வந்துவிடும். அம்மாதான் எங்கள் பங்கரை வெட்டியவ, எல் வடிவத்தில், மேலே பனங்குற்றி போட்டு. அப்பா அப்போது இல்லை. இங்கே வந்த பிறகும் கோடையில் தேசியக் கண்காட்சிக்கு யுத்த விமானங்கள் வந்து சாகசம் காட்டுகிற நாட்களில் அம்மா வீட்டின் நடு அறையை விட்டு வெளியே வரமாட்டா. அப்படிப்பட்டவவிடம் நான் பறக்கப் பழகுகிறேன் என்பதை ஆறு மாதம் சொல்லவில்லை. ஓவர்ரைம் என்று சொல்லிப்போட்டுப் போவேன். பிறகு மகள்தான் போட்டுடைத்தாள்.

அம்மா ஏசவில்லை, அழவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துபோட்டு ஒன்றுதான் கேட்டா. "மோனை, நீ மேலால போகேக்க கீழ இருக்கிற சனம் பயப்படாதோ?"

நான் விழுவேனோ, காசு போகுமோ என்றெல்லாம் கேட்பா என்று விடைகளை ஆயத்தமாக வைத்திருந்தேன். இதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அடுத்த நாள் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவவிடம் போய் இருந்தேன். பரீட்சைக்குப் பாடமாக்கிய அதே விதிதான். ஊர்மனைக்கு மேலால் போனால், சுற்றி 2000 அடிக்குள் இருக்கும் ஆகவும் உயர்ந்த கட்டடத்தையோ மரத்தையோ விட 1000 அடி மேலே போகவேண்டும். மற்ற இடங்களில் எந்த மனிதரையும், வாகனத்தையும், வள்ளத்தையும், வீட்டையும் 500 அடிக்குள் நெருங்கக்கூடாது. தமிழில் சொல்லி விளங்கப்படுத்தினேன். "இப்பிடிச் சட்டம் இருக்கோ?" என்றா. இருக்கு அம்மா என்றேன். "எல்லா நாட்டிலையும் இருக்கோ?" என்றா. அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவவே எழும்பிப் போய், "வெறும் வயித்தோட ஓடாதை, சாப்பிட்டிட்டுப் போ" என்றா.

அதுவும் பட்டியலில் உள்ள விஷயம்தான். பறக்கப் போக முன் விமானத்தை மட்டுமல்ல, எங்களையும் சோதிக்கவேண்டும். வருத்தம் இருக்கிறதா, மருந்து எடுத்தேனா, மனதில் கவலையா, நித்திரை கொண்டேனா, சாப்பிட்டேனா. மது குடித்தால் 12 மணித்தியாலம் பறக்கக்கூடாது. முன்பு 8 ஆக இருந்ததை 2018இல் கூட்டிவிட்டார்கள். எனக்கு இதில் வில்லங்கம் நித்திரைதான். கிழமை மாறிக் கிழமை இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வரும்போது வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், காற்றே இராது. பறப்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. என் கண்ணோ மணல் போட்ட மாதிரி இருக்கும்.

இதுவரை மூன்று தரம் நாள் குறித்து மூன்று தரமும் போகவில்லை. முதல் தரம் ஏரியில் இருந்து தாழ்ந்த முகில் வந்து மூடிவிட்டது. இரண்டாம் தரம் ஓடுபாதைக்குக் குறுக்கே எனக்கு விதித்திருக்கும் அளவுக்கு மேல் காற்று. மூன்றாம் தரம் வானம் திறம், விமானம் திறம். முதல் நாள் இரவு ஆள் குறைவென்று மேற்பார்வையாளர் நாலு மணித்தியாலம் கூட மறித்துவிட்டார். காரில் ஏறியிருந்து பத்து நிமிடம் யோசித்தேன். பனி காலம், இனி எப்போது இப்படி ஒரு நாள் வரும் என்று. பிறகு ரெலிபோன் எடுத்து வரவில்லை என்று சொன்னேன். பக்கத்தில் அந்தப் பிள்ளை இருந்தால் போயிருக்கலாம், நான் தூங்கி வழிந்தால் அவ பார்த்துக்கொள்வா. பயிற்சி வலயத்தில் எனக்கு நான்தான். அவ ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, "சரி, அடுத்த கிழமை" என்று வைத்துவிட்டா. காசும் பிடிக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே இருக்கும் பிள்ளைகளில் யாருக்காவது இந்த ஆசை இருந்தால் இரண்டு விஷயம். முதலில் விமானப் போக்குவரத்து மருத்துவரிடம் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கோ. நிறைய மணித்தியாலம் பறந்து காசைச் செலவழித்த பிறகு கண்ணிலோ காதிலோ குறை என்று தெரிந்தால் மனமும் உடையும். அடுத்தது, பெற்றோருக்கு. முழுப் பயிற்சிக்கும் மொத்தமாகக் காசை முன்கூட்டியே கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். பறக்கிற மணித்தியாலத்துக்குக் கட்டினால் போதும். மிச்சத்தைத் தேத்தண்ணி நேரம் கேளுங்கோ, வரைபடமும் கொண்டுவந்திருக்கிறேன். வடை ஆறமுதல் விடுகிறேன்.

பனி கரைந்ததும் நாலாம் தரமாக நாள் கேட்டிருக்கிறேன். அந்தக் கிழமை எனக்குப் பகல் வேலை.